சொந்தக்காரர் வீடு இல்லாத வழி

எங்கள் மாவட்டத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது சுலபம். நடுவில் சொந்தக்காரர் யார் வீட்டிலும் ஏறாமல் போவதுதான் நடக்காத காரியம். அவர்கள் வாசலைத் தாண்டி நம் வண்டி போனது தெரிந்துவிட்டால் போதும், அடுத்த கல்யாண வீட்டில் பிடித்துக்கொள்வார்கள். "எங்க வீட்டு வழியாத்தான் போனியளாமே. நாங்கெல்லாம் இப்பம் கண்ணுக்குத் தெரிய மாட்டோம், என்ன?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் கிடையாது. (நான் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன்.) சரி, ஏறித்தான் தொலைப்போம் என்று ஏறினால், ஒரு சாயா மட்டும் என்று ஆரம்பிக்கும். சாயாவுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு வரும். கிழங்கு வந்தால் மீன் குழம்பு வராமல் இருக்குமா? நாம் எழுந்து வெளியே வரும்போது டிக்கியில் ஒரு சக்கையை, முழுப் பலாப்பழத்தை, ஏற்றி வைத்திருப்பார்கள். நாம் போக வேண்டிய வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

இந்த ஊரில் பிறந்து, இது தெரிந்தும், சொந்தக்காரர் வீடே இல்லாத ஒரு பாதையைக் கண்டுபிடித்து அதில் என் மனைவியைக் கூட்டிப்போக நினைத்தவன் நான். அதுவும் சத்தமில்லாமல். அதுவும் ஒரு கேரவனில்.

நான் நாகர்கோவிலில் புவியியல் வாத்தியார். மனைவி ஷைனிக்குப் பிறந்த ஊர் திங்கள்நகர் பக்கம். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது தேனிலவு என்று ஒன்றும் நடக்கவில்லை, விருந்துதான் நடந்தது. பட்டுச்சேலையும் வேட்டியுமாக வீடு வீடாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள் மத்தியானம் இரண்டு வீட்டில் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. முதல் வீட்டில் சாப்பிட்டதை இரண்டாவது வீட்டில் மறைப்பதற்காக ஷைனி ஆட்டுக்கறியை மென்ற விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். அதன் பிறகு நாங்கள் போன எந்தப் பயணமும் இருவர் பயணமாக இருந்ததில்லை. ஊட்டிக்கு என் சித்தப்பா குடும்பம் வந்தது. மைசூருக்கு அவள் பெரியப்பா வீட்டார் வந்தார்கள். மைசூர் அரண்மனை முன்னால் எடுத்த போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் ஷைனியைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். ஓரத்தில் குனிந்து, யாருடைய பிள்ளைக்கோ மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஒரே மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு, ஒரு நாள் அவள் வெண்டைக்காய் நறுக்கியபடியே சொன்னாள்: "ஒரே ஒரு தடவ, நாம ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போய் இருந்து, வெள்ளத்தப் பாத்துக்கிட்டு ஒரு சாயா குடிக்கணும். அந்த நேரம் எனக்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கப்பிடாது. உப்பு எங்க இருக்குன்னுகூட கேக்கப்பிடாது."

அவள் கேட்டது அவ்வளவுதான். (எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்.) நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. கேட்டதை நினைத்து நான் அன்று சரியாகத் தூங்கவில்லை.

கேரவன் வந்தது ராபின்சன் மூலமாக. ராபின்சன் என்னோடு படித்தவன். கல்ஃபில் பல வருடம் இருந்துவிட்டு வந்து மார்த்தாண்டத்தில் வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், பாத்ரூம், கூரை மேல் ஏசி என்று வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னான். "நீ ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு மக்கா. எங்க ஒழுகுது, எங்க ஆடுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றான்.

எனக்குப் பொறி தட்டியது. லாட்ஜில் தங்கினால், எங்கள் வீடு இருக்கும்போது லாட்ஜா என்று கேட்பார்கள். வீட்டையே கூடக் கொண்டுபோனால் யார் என்ன கேட்க முடியும்? ராபின்சனுக்குத் தெரிந்த ஒருவரின் ரப்பர் தோட்டம் பேச்சிப்பாறையில் இருந்தது. மேட்டின் மேல் நின்றால் அணையின் தண்ணீர் முழுசாக விரிந்து தெரியும் என்றான். அங்கே வண்டியை நிறுத்தி ஓர் இரவு தங்கலாம் என்று அனுமதியும் வாங்கித் தந்தான். இனி, அங்கே போய்ச் சேரும் வழி மட்டும்தான் பாக்கி.

வழி என் துறை அல்லவா? மாவட்ட வரைபடத்தை விரித்து, இரண்டு குடும்பத்துச் சொந்தக்காரர் வீடுகளையும் சிவப்புப் புள்ளியாகக் குறித்தேன். மார்த்தாண்டம் ரோட்டில் வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று புள்ளிகள் பஸ் ஸ்டாப்புகளைவிட நெருக்கமாக விழுந்தன. திங்கள்நகருக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் புள்ளி வைக்க இடமில்லாமல் அந்தப் பகுதியையே சிவப்பாகத் தீட்டிவிட்டேன். நெய்யூரில் வீடுகள் போதாதென்று, ஆஸ்பத்திரியில் எப்போதும் நம் ஆள் யாராவது ஒருவர் படுத்திருப்பார். அவரைப் பார்க்காமல் போனால் அந்தக் கோபம் தனி. கடைசியில் மாவட்டத்துக்கே அம்மை போட்டது போல இருந்தது.

ஆனால் வடக்கே ஒரு வழி கிடைத்தது. இறச்சகுளம் தாண்டி, வயல்களுக்கு நடுவில் பூதப்பாண்டி. அங்கிருந்து பெரிய ரோட்டை விட்டுக் கிளைப்பாதையில் இறங்கித் தடிக்காரன்கோணம். மலையைப் பார்த்தபடியே சுருளோடு, பொன்மனை, குலசேகரம், பிறகு பேச்சிப்பாறை. இருபுறமும் வயல், தாமரைக்குளம், ரப்பர். காட்சிக்குக் காட்சி, சொந்தக்காரர் தொல்லையும் இல்லை. ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் பாதையில் விழுந்தது. பொன்மனையில் என் அப்பாவின் தங்கை தங்கம் மாமி. (எங்கள் பக்கம் அத்தையையும் மாமி என்றுதான் கூப்பிடுவோம்.) ரோட்டைப் பார்த்த வீடு. மாமி வராந்தாவில் உட்கார்ந்தால் சைக்கிள்கூடத் தப்பாது. ஆனால் திங்கள்கிழமை மத்தியானம் மாமிக்குச் சபையில் பெண்கள் சங்கம் உண்டு, மழை வந்தாலும் போவாள். அந்த நேரத்தில் பொன்மனையைக் கடந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பைக்கில் போய்ப் பாதையைச் சோதித்தேன். குறுகலான இடங்களில் இறங்கி டேப் பிடித்து ரோட்டின் அகலத்தை அளந்தேன். இறச்சகுளத்தில் ஒருவர் என்னை ரோடு அகலப்படுத்த வந்த அதிகாரி என்று நினைத்து, தன் மதில் சுவரைக் காப்பாற்ற எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். (குடித்தேன். நல்ல இளநீர்.) எங்கே வளைவு, எங்கே பாலம், எங்கே நின்றால் மலை நன்றாகத் தெரியும் என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். ஷைனி தன் பங்குக்கு இரண்டு மடக்கு நாற்காலி வாங்கினாள். நீல நிறம்.

"இன்னொண்ணு சேத்து வாங்கியிருக்கலாமே" என்றேன்.

"மூணாவது நாற்காலி வாங்கினா மூணாவது ஆளு வரும். ரெண்டு போரும்."

மகனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், கதை முடிந்தது. மே மாத லீவில் ஒரு சனிக்கிழமை கேரவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பள்ளிக்கூட வேலைக்காக வந்த வண்டி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். இந்த ரகசியத்தை நான் காத்த அழகைப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அந்த வண்டியின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு உடனே இறங்கிவிட்டேன். நான் ஓட்டிய பெரிய வண்டி எங்கள் மாருதிதான். இதுவோ பின்பக்கம் எங்கே முடிகிறது என்று கண்ணாடியிலும் தெரியவில்லை. எங்கள் பக்கம் புது வண்டி வந்தால், தூரமாகப் போவதானால், போதகரை அழைத்து ஒரு ஜெபம் பண்ணாமல் எடுப்பதில்லை. போதகர் வெளியூர்க்காரர், எங்கள் சபைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நமக்குச் சொந்தமும் இல்லை. அவருக்குத் தெரிவதில் என்ன ஆபத்து என்று போன் பண்ணினேன்.

சாயங்காலம் வந்தார். படுக்கையைத் தொட்டுப் பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினார், மூலையில் மடக்கி வைத்திருந்த நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தார். நன்றாக ஜெபித்தார். அத்தோடு அவரை அனுப்பியிருக்க வேண்டும். "எந்த வழியாகப் போகிறீர்கள்?" என்று அவர் மரியாதைக்குக் கேட்டார்.

வாத்தியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. நான் வரைபடத்தைக் கொண்டுவந்து வண்டியின் மேசையில் விரித்துவிட்டேன். ஊர் ஊராக, திருப்பம் திருப்பமாக, எந்த இடத்தில் வயல் முடிந்து ரப்பர் தொடங்குகிறது என்பது வரை சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். "நேர் ரோடு இருக்கும்போது இவ்வளவு சுற்றி ஏன் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"இயற்கைக் காட்சிக்காக, ஐயா" என்றேன். சொந்தக்காரருக்குப் பயந்து என்று ஒரு போதகரிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். பிறகு ஒரு மூச்சு எடுத்தார்.

"கர்த்தாவே, நாளைய தினம் பிரயாணப்படுகிற எங்கள் ஆசிரியர் சகோதரனையும் சகோதரி ஷைனியையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்கள் இறச்சகுளம் வழியாகப் பூதப்பாண்டிக்கும், பூதப்பாண்டியிலிருந்து கிளைப்பாதையாகத் தடிக்காரன்கோணத்துக்கும் போகையில் நீர் அவர்களுக்கு முன்செல்லும். சுருளோட்டைக் கடந்து மத்தியான வேளையில் பொன்மனையை அடைகையில் அவர்களைக் காத்துக்கொள்ளும். பேச்சிப்பாறை அணைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் தனித்துத் தங்கப்போகிற உம்முடைய பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதேயும்."

ஒரு திருப்பம்கூட அவர் தவறவில்லை. என் வகுப்பில் எந்தப் பையனும் ஒரு நாளும் இவ்வளவு கவனித்ததில்லை. நான் கண்ணைத் திறந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஷைனி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். எதிரே தூணில் ஒரு கேமரா சிவப்பு விளக்கோடு நின்றது. எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. அன்று கோயிலுக்கு வர முடியாத அத்தனை சொந்தக்காரரும், மஸ்கட்டில் இருப்பவர் உட்பட, வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆசீர்வாதம் முடிந்து வெளியே வருவதற்குள் போன் அடித்தது. தங்கம் மாமி.

"ஏலே மக்கா, பொன்மனை வழியா வாறியாமே! எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணிச்சா? செரி, அது போட்டு. நாளைக்கு உள்ள பெண்கள் சங்கத்த நான் எனக்க வீட்டுக்கு மாத்தியாச்சு. எல்லாருக்கும் அந்த வண்டிய ஒண்ணு பாக்கணுமாம். சோறு உண்ணாம போயிராண்டாம், கேட்டியா?"

அடுத்தடுத்து அழைப்புகள். ஊருக்குள் இத்தனை பேரிடம் என் நம்பர் இருப்பது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து வரைபடத்தை மறுபடி விரித்தேன். வேறு எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு. போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன்.

ஷைனி நாற்காலிகளைப் பார்த்தாள். "போவோம். மாமி வீட்டுல ஒரு அர மணிக்கூறு இருப்போம். பெறவு நாம மட்டும்தானே. எப்பிடியாவது வெள்ளத்துக்கிட்ட போய்ச் சேந்தா போரும்." அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பேரம் பேசினாள், அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கள் காலை புறப்பட்டோம். இறச்சகுளம் தாண்டியதும் வயல்வெளி திறந்தது. நாற்று நட்ட வயல்களில் மலையின் நிழல் கிடந்தது. ஷைனி ஜன்னலை இறக்கிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். என் பயண ஏற்பாட்டில் நான் போட்ட திட்டப்படி நடந்த பகுதி அது ஒன்றுதான். பூதப்பாண்டி வந்துவிட்டது.

ரோட்டோரத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் மஞ்சப்பையுமாக ஷைனியின் ஞானதாஸ் பெரியப்பா நின்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திங்கள்நகரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். சிவப்புப் புள்ளி என்பது வீட்டைத்தான் குறிக்கும், ஆள் பஸ் ஏறி வருவான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவர் குடையை நீட்டினார், நான் நிறுத்தினேன். அப்படிக் குடை நீட்டும்போது விமானமே நின்றுவிடும்.

"மக்களே ஷைனி, தனியா போறியன்னு சபை ஐயரு ஜெபத்துல சொன்னாரு. மனசு கேக்கல. சும்மா வண்டிய ஒண்ணு பாத்துட்டு நான் திட்டுவிளையில இறங்கிருவேன்" என்றார். உட்கார இடம் இருந்தும் கதவோரமாகவே நின்றுகொண்டு, கூரையை இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்றார்.

திட்டுவிளை அடுத்த ஊர்தான். அவரை இறக்கிவிட்டிருக்கலாம். ஆனால் திட்டுவிளைக் கடைத்தெருவைத் தவிர்க்க (அங்கே ஒரு புள்ளி உண்டு) நான் ஒரு கிளைப்பாதை போட்டிருந்தேன் அல்லவா, அதில் திரும்பினேன். இருபுறமும் வீடுகள். அகலம் நான் அளந்தபடியே சரியாக இருந்தது. வண்டி அழகாக நுழைந்தது. தலைக்கு மேலே சரசரவென்று இழுபட்டு, பிறகு பட்டென்று ஒரு சத்தம் வந்தது.

ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "டிவி போச்சு!" எதிர்வீட்டிலிருந்தும் அதே குரல். ரோட்டின் குறுக்கே தாழ்வாகத் தொங்கிய கேபிள் டிவி வயரை, எங்கள் கூரையில் இருந்த ஏசி அறுத்துவிட்டது. அகலம் அளந்தேன், நீளம் அளந்தேன், வண்டிக்கு உயரம் என்று ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டேன். நான் படித்துப் பாடம் நடத்துவது புவியியல். மலை எவ்வளவு உயரம் என்று பிள்ளைகளைக் கேட்டுக் காதைத் திருகுகிறவன். முன்னால் பார்த்தால் பாதை நெடுகிலும் வீட்டுக்கு வீடு வயர் தொங்கியது. பின்னால் எடுக்கலாம் என்றால் எனக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது.

பெரியப்பா இறங்கினார். வயர்காரர் வந்து சரிசெய்வார் என்று அந்த அம்மாக்களைச் சமாதானப்படுத்திவிட்டு (அதற்கான செலவை நான் ஏற்றுக்கொண்டேன்), குடையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கைப்பிடியால் அடுத்த வயரைத் தூக்கிப் பிடித்தார். "வா, வா, வா... ரைட்!" வண்டி நுழைந்தது. ஓடிப்போய் அடுத்த வயரைத் தூக்கினார். இப்படியே முன்னால் குடை உயர்த்திப் பெரியப்பா, பின்னால் ஊர்ந்து வரும் எங்கள் வண்டி, அதற்குப் பின்னால் ஊர்க்காரர்களும் நாய்களும். பெருநாள் சப்பரம் போவது போலப் போனோம். "ஷூட்டிங்கா? உள்ள யாரு இருக்கா?" என்று ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஷைனியைக் கண்டு ஏமாந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு பெரியப்பாவை எங்கே இறக்கிவிடுவது? நான் தேடித் தேடி எடுத்த கிளைப்பாதையில் ஊருக்கு ஊர் வயர் தாழ்வாகத்தான் தொங்கியது. அவர் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. தடிக்காரன்கோணத்தில் அவருக்கு நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். சுருளோட்டில் அவராகவே, "நான் இல்லேன்னா நீங்க என்ன செய்திருப்பிய!" என்று வருத்தப்பட்டுக்கொண்டார். ஷைனி பின்னிருக்கையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பாடவில்லை.

பொன்மனையில் மாமியின் வீட்டு முன்னால் பெண்கள் சங்கம் முழுவதும் வெள்ளைச் சேலையில் வரிசையாக நின்றது. நாங்கள் இறங்குவதற்குள் அவர்கள் ஏறிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுப்பைத் திருகினார்கள். மாமி பாத்ரூம் கதவைத் திறந்து, "இஞ்ச பாருங்க, வண்டிக்குள்ளயே கக்கூசு! அதுக்கு ஒரு குஞ்சு ஜன்னல் வேற!" என்று கூவினாள். மொத்தச் சங்கமும் அந்த ஜன்னலை முறைவைத்துப் பார்த்தது. பிறகு ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், எங்கள் பிரயாணத்துக்காக இன்னொரு ஜெபம். அதன் பிறகு சோறு. அரை மணிக்கூறு என்று ஷைனி பேசிய பேரம் சோற்றுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

விடைபெறும்போது மாமி கையில் மீன் குழம்புச் சட்டியோடு வண்டிக்குள் இருந்தாள். கட்டிலின் மேல் ஒரு சக்கை படுத்திருந்தது.

"பேச்சிப்பாறையில எனக்க கொளுந்திக்க மவளுக்க வீடு உண்டு மக்கா. நான் அங்க ஒண்ணு தலையக் காட்டிட்டு பஸ்ஸுல வந்திருவேன். வழிதானே?"

வழிதான். அந்த வீட்டில் கணவன், மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள். மாமி தலையைக் காட்டினாள், அவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். அதன் பிறகு ரப்பர் தோட்டத்து மேட்டில் நான் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, கதவு வழியாக ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ராபின்சன் சொன்னது உண்மை. கோடைக்குத் தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தாலும், மரங்களுக்கு நடுவில் அணை வெள்ளம் மலையடி வரை விரிந்து கிடந்தது. சாயங்கால வெயில் அதன் மேல் இறங்கியிருந்தது. ஷைனி இரண்டு நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். அடுப்பில் வைத்த சாயாவை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒன்றில் பெரியப்பாவும் மற்றதில் மாமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்ல நாற்காலி பிள்ள, முதுகுக்கு நல்ல சொகமா இருக்கு" என்றாள் மாமி. "ஷைனி, எனக்குச் சீனி வேண்டாம், கேட்டியா?"

"ஷைனி, எனக்கு ரெண்டு கரண்டி" என்றார் பெரியப்பா.

"அக்கா, பிள்ளைக்குப் பால் மட்டும் ஆத்தித் தருவியளா?" என்றாள் பேச்சிப்பாறை வீட்டுக்காரி.

"ஷைனி, சக்கை வெட்ட எண்ணெய் எங்க இருக்கு?" என்றாள் அவள் மாமியார்.

ஷைனி எல்லாருக்கும் சாயா போட்டாள். தட்டில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் தம்ளர் இல்லை, வண்டியில் இரண்டு பேருக்குத்தான் பாத்திரம் வைத்திருந்தோம், மிச்சம் எல்லாம் சட்டியும் மூடியும். நான் நீட்டிய தம்ளரை அவள் வாங்கவில்லை. சிறிது நேரம் கழித்து மாமி, "உப்பு எங்க இருக்கு ஷைனி?" என்று கேட்டாள்.

பார்த்தால் அவளைக் காணவில்லை. கீழே தண்ணீர். மரங்களுக்கு நடுவில் ஓடிப் பார்த்தேன், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது வண்டிக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது. பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஷைனி, உள்ள இருக்கியா? வயிறு செரியில்லியா? கொஞ்சம் பெருங்காயம் கலக்கித் தரட்டா?"

மாமியை ஒருவழியாக வெளியே அனுப்பிவிட்டு நான் கதவருகே நின்றேன். "ஷைனி, நான்தான். என்னத்துக்கு இப்பிடி உள்ள இருக்க?"

உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. இஞ்ச அந்தச் சின்ன ஜன்னல் வழியா வெள்ளம் தெரியுது. நான் மூடிய போட்டு அது மேல இருக்கேன். சும்மா பாத்துட்டு இருக்கேன். கொஞ்சம் போங்க."

நான் போனேன். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் நானும் சொல்வதில்லை. எத்தனை நாள் டேப் பிடித்து, வயலும் மலையும் பார்த்து, ஒரு மாவட்டத்தையே சுற்றி நான் அவளைக் கொண்டுவந்து சேர்த்த இடம் ஒரு கக்கூஸ். அதிலும் நான் செய்தது ஒன்றுமில்லை. அந்த ஜன்னலை வைத்தவன் ராபின்சன்.

வெளியே பெரியப்பா, "பிள்ளைக்கு உடம்பு செரியில்லேன்னா இண்ணைக்கே திரும்பிருவோம், வயரெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்று சாயங்காலமே திரும்பினோம். வரும் வழியில் மாமியை அவள் வீட்டில் இறக்கிவிட்டு இன்னொரு சக்கை ஏற்றிக்கொண்டோம். எங்கே ஒழுகுகிறது என்று ராபின்சன் கேட்டான். வண்டியில் எங்கும் ஒழுகவில்லை என்று சொன்னேன்.

போதகரிடம் யார் என்ன சொன்னார்களோ தெரியாது. இப்போதெல்லாம் யாராவது பிரயாணம் போனால், "அவர்கள் போகும் வழியை நீரே அறிந்திருக்கிறீர்" என்பதோடு சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். அப்படி ஜெபிக்கும்போது ஆண்கள் பக்கத்தில் என்னைத் தேடி ஒரு பார்வை பார்ப்பார்.

மகன் லீவுக்கு வந்தபோது முழுக் கதையையும் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தான். அவன்தான் எங்கள் வீட்டுப் பாத்ரூமுக்குப் பேச்சிப்பாறை என்று பேர் வைத்தது. "அம்மா எங்கப்பா?" என்று கேட்டால், "பேச்சிப்பாறையில" என்பேன். அவன் சொல்லிச் சொல்லி அது இரண்டு குடும்பத்துக்கும் பரவி, கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "வாத்தியாரே, அணையில வெள்ளம் இருக்கா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஷைனியும் சிரிப்பாள். நீல நாற்காலிகளை மட்டும் அவள் இன்னும் விரிக்கவில்லை.

போன வாரம் தங்கம் மாமி வந்திருந்தாள். கையில் மீனோடு நேராகச் சமையலறைக்குப் போய், ஷைனியைக் காணாமல் திரும்பி வந்தாள். "எங்கல அவ?" என்றாள்.

"பேச்சிப்பாறையில, மாமி" என்றேன். வழக்கம்போலச் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். நான் கூப்பிட்டுவிடலாம் என்று பாத்ரூம் பக்கம் எழுந்தபோது மாமி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருக்கட்டு மக்கா" என்றாள். "தட்டாத."